பிளைத்லி: ஒரு மகிழ்ச்சிச் சொல்லின் வரலாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு பள்ளி ஆங்கில ஆசிரியர். ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஒரே ஒரு சொல்லைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று எழுதிவைத்தார். சொல் தமிழாக இருக்கலாம், ஆங்கிலமாக இருக்கலாம். பேச்சு மட்டும் தமிழில் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒரு சொல்லுக்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்கலாம் என்று நம்பிய அந்த மனத்தை வணங்கித் தொடங்குகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட சொல் 'பிளைத்லி'. 'அது' என்று சொல்லும்போது தகரம் மெல்ல ஒலிக்கிறதே, அந்த ஒலி இதன் நடுவில் வரும். மகிழ்ச்சியோடு, உள்ளம் லேசாக, முகம் மலர்ந்து என்று பொருள்படும் பழைய வினையடை. இதன் பெயரடை 'பிளைத்'. ஆங்கிலம் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தச் சொற்குடும்பம் அதில் இருக்கிறது. ஆனால் இன்றைய ஆங்கில நாளிதழில் 'பிளைத்லி' என்ற சொல்லைக் கண்டால், அங்கே யாரோ யாரையோ குறை சொல்கிறார்கள் என்று தயங்காமல் முடிவு செய்துவிடலாம். எச்சரிக்கையை 'பிளைத்லி' புறக்கணித்தார்கள் என்று எழுதுவார்கள். வரவிருக்கும் ஆபத்தை 'பிளைத்லி' அறியாமல் இருந்தார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று 'பிளைத்லி' எண்ணிக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். மகிழ்ச்சியைக் குறித்த சொல் எப்படி இந்தக் குற்றப்பட்டியலுக்குள் வந்து சேர்ந்தது? இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

முதலில் இன்றைய பொருளை இன்னும் நெருங்கிப் பார்த்துவிடுவோம். எச்சரிக்கையைப் புறக்கணிப்பவர்கள் பலவகை. ஒருவர் அவசரத்தில் கவனிக்காமல் விடுவார். ஒருவர் கல்நெஞ்சத்தால் ஒதுக்குவார். இன்னொருவர் கணக்குப் போட்டுத் துணிந்து மீறுவார். இவர்களில் யாருக்கும் 'பிளைத்லி' பொருந்தாது. யாருக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே எழாமல், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், சீட்டியடித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அது பொருந்தும். நம் பேச்சு வழக்கில் இதற்கு அருமையான தொடர் ஒன்று உண்டு. 'நான் கத்திக்கிட்டே இருக்கேன், அவன் பாட்டுக்குப் போறான்' என்கிறோமே, அந்த 'அவன் பாட்டுக்கு'. அதில் கோபம் முழுவதும் சொல்கிறவருக்குத்தான். போகிறவருக்கு எந்தக் கவலையும் இல்லை. இன்றைய 'பிளைத்லி'க்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லேசான மனம் என்ற பழைய கரு இன்றைய பொருளிலும் அழியவில்லை. அந்த லேசான மனத்தைப் பார்க்கிறவரின் தீர்ப்புதான் மாறியிருக்கிறது. பெயரடையான 'பிளைத்' இன்னும் ஓரளவு தப்பித்து நிற்கிறது. கவிதையிலும் வாழ்த்துரையிலும் அது இன்றும் மகிழ்ச்சியைக் குறிக்கக்கூடும். வினையடை அதிகம் மாட்டிக்கொண்டது. என் கணிப்பில் அதற்கு இலக்கணமே ஒரு காரணம். பெயரடை ஆளைத் தழுவி நிற்கிறது. ஒருவர் மகிழ்ச்சியாக இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. வினையடை செயலைத் தழுவுகிறது. செயல் என்று வந்துவிட்டால் அது இன்னொருவர் மேல் போய் விழும். விழுந்த இடத்திலிருந்து ஒருவர் நிமிர்ந்து பார்க்கும்போது, செய்தவரின் சிரித்த முகம் அவருக்குக் குற்றமாகத் தெரிகிறது.

இப்போது பின்னோக்கிப் போவோம். ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழிகளில் நீண்ட எழுத்துச் சான்று உள்ளவற்றில் மிகப் பழையது கோதிக். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பில் எஞ்சியதன் பெரும்பகுதியைத் தாங்கிய சுவடி, ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்டது, இன்று சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், உங்கள் தந்தை இரக்கமுள்ளவராய் இருப்பதுபோல் நீங்களும் இரக்கமுள்ளவர்களாய் இருங்கள் என்று இயேசு சொல்லும் இடம் உண்டு. அங்கே 'இரக்கமுள்ளவர்' என்பதற்கு வுல்ஃபிலா எடுத்த சொல் 'பிளீத்ஸ்'. நம் 'பிளைத்'தின் நேர் உடன்பிறப்பு அது. கடவுளின் இரக்கத்துக்குப் பயன்பட்ட சொல்லின் உறவினன்தான் இன்று பொறுப்பில்லாதவர்களைத் திட்டப் பயன்படுகிறது.

பழைய நார்ஸ் மொழியில் 'பிளீத்ர்' என்றால் மென்மையான, கனிவான. அதன் வழிவந்த ஐஸ்லாந்து மொழியில் இதே வேர் நல்ல வானிலைக்கும் பெயராக இருக்கிறது. டச்சு மொழியில் 'பிளைய்' என்றால் மகிழ்ச்சி என்ற பொருள் மட்டும். ஆங்கிலத்தின் 'பிளிஸ்', அதாவது பேரின்பம், இதே வேரில் கிளைத்தது. இங்கிலாந்தின் வடகிழக்கே நார்தம்பர்லாந்தில் பிளைத் என்றொரு ஆறு ஓடுகிறது. அது கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊருக்கும் அதே பெயர். மென்மையாக ஓடும் ஆறு என்றோ, மகிழ்ந்து ஓடும் ஆறு என்றோ அதற்குப் பொருள் சொல்கிறார்கள் இடப்பெயர் ஆய்வாளர்கள். நிலக்கரி ஏற்றுமதியால் கறுத்த ஒரு துறைமுகம் அந்தப் பெயரை இன்றுவரை சுமந்து நிற்கிறது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

7ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், இன்று விட்பி என்று அழைக்கப்படும் ஊரில் ஒரு மடம். அதன் தலைவி ஹில்ட் என்ற துறவி. அங்கே கால்நடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்மன். விருந்துகளில் யாழ் கைமாறிக் கைமாறி வரும். ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும். தம் முறை நெருங்குவதைக் கண்டால் கேட்மன் எழுந்து போய்விடுவார். அவருக்குப் பாடத் தெரியாது. அப்படி எழுந்து வந்து தொழுவத்தில் படுத்த ஓர் இரவில், கனவில் ஒருவர் தோன்றிப் படைப்பைப் பாடு என்றார், அவர் பாடினார். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் என்று அவரைச் சொல்வது வழக்கம். இந்தக் கதையை பீட் என்ற துறவி 731இல் முடித்த தம் இலத்தீன் வரலாற்று நூலில் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் அந்நூல் பழைய ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது. கேட்மனின் பாட்டைப் பலரும் படித்திருப்பீர்கள். அவர் இறக்கும் காட்சியைப் படித்தவர்கள் குறைவு.

தாம் சாகப்போகும் இரவு அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, உடனிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நோயாளிகள் விடுதியில் தமக்கு இடம் கேட்டார். நள்ளிரவு தாண்டும்வரை எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, நற்கருணை இருக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு களிப்போடு பேசிக்கொண்டிருக்கிற உமக்கு இப்போது அது எதற்கு, சாவு ஒன்றும் நெருங்கிவிடவில்லையே என்றார்கள் அவர்கள். இந்தக் 'களிப்போடு' என்ற இடத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இரண்டு வினையடைகளை அடுக்குகிறார்: 'ரோட்லீச்செ', 'கிளாட்லீச்செ'. முதலாவது செத்துப்போன சொல்; இரண்டாவது இன்றைய 'கிளாட்லி'. இரண்டுமே ஒருவர் தாமாக மகிழ்ந்திருப்பதைச் சொல்பவை.

நற்கருணையைக் கையில் வாங்கிய பிறகு கேட்மன் ஒரு கேள்வி கேட்கிறார். உங்கள் எல்லாருக்கும் என்மேல் அமைதியான மனமும் மனக்குறை இல்லாத கனிவும் இருக்கிறதா என்று. கனிவு என்று நான் சொன்ன இடத்தில் நிற்கும் சொல்தான் 'பிளீதே', நம் 'பிளைத்'. எங்களுக்கு உம்மேல் ஒரு குறையும் இல்லை, நாங்கள் எல்லாரும் உம்மிடம் மிகுந்த 'பிளைத்' மனத்தோடு இருக்கிறோம் என்கிறார்கள் அவர்கள். பிறகு அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், நீர் எங்களிடம் அப்படி இருப்பீரா என்று. அன்புச் சகோதரர்களே, உங்களிடமும் கடவுளின் எல்லா மக்களிடமும் நான் அவ்வாறே இருக்கிறேன் என்கிறார் அவர். சற்று நேரத்தில் உறக்கத்தோடு உயிர் பிரிகிறது.

நண்பர்களே, இந்த மொழிபெயர்ப்பாளரின் நுணுக்கத்தைப் பாருங்கள். சாகப்போகிறவரின் சொந்தக் களிப்புக்கு இரண்டு சொற்கள் தந்தார். ஆனால் ஒருவர் இன்னொருவர்மேல் வைத்திருக்கும் நல்லெண்ணத்துக்கு வந்தபோது அவற்றை விட்டுவிட்டு 'பிளைத்'தை எடுத்தார். அந்தக் காலத்தில் 'பிளைத்' என்பது ஒரு திசை நோக்கிய சொல். யாரிடம் 'பிளைத்'தாக இருக்கிறீர்கள் என்று கேட்க முடிந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது.

தன்மகிழ்ச்சி என்ற பொருளும் அதே காலத்தில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 'பியோவுல்ஃப்' காப்பியத்தில் ஒரு விடியற்காலை வருகிறது. இரண்டு அரக்கர்களும் ஒழிந்தபின் நாயகன் ஊர் திரும்பும் நாள். கரிய அண்டங்காக்கை ஒன்று 'பிளைத்' நெஞ்சோடு சூரியன் வருவதை அறிவிக்கிறது. பழைய ஆங்கிலப் போர்க்கவிதைகளில் இந்தப் பறவை பிணம் தின்ன வரும் பறவை; இங்கே அதன் நெஞ்சில் மகிழ்ச்சியை வைத்திருக்கிறான் கவிஞன். 1731இல் ஒரு தீ விபத்தில் இந்தக் காப்பியச் சுவடியின் ஓரங்கள் கருகின. மிச்சம் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

வினையடைக்கும் பழைய சான்று உண்டு. நற்செய்தியின் பழைய ஆங்கிலப் பெயர்ப்பில் சகேயுவின் கதையைப் பாருங்கள். வரி வசூலிப்பவன், குள்ளன், இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறியவன். இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் இறங்கி ஓடிவந்து அவரை வரவேற்கிறான். எப்படி வரவேற்றான்? 'பிளீதெலீச்செ'. இன்றைய 'பிளைத்லி'யின் பாட்டன் அது. தன் மகிழ்ச்சியும் வந்தவர்மேல் வைத்த அன்பும் அந்த ஒரு வினையடைக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் முகமலர்ச்சி என்று எதைக் கேட்கிறதோ, அதைத்தான் இது சொல்கிறது. விருந்தினர் பார்ப்பதற்காக மலர்கிற முகம்.

பிறர்மேல் வைத்த கனிவிலிருந்து தன்மகிழ்ச்சிக்குப் போன இந்த மாற்றத்தைத் தெளிவாக எழுதிவைத்தது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் முர்ரே 1837இல் ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் டென்ஹோம் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது. முழுமையடைந்தது 1928இல், அதைப் பார்க்க முர்ரே உயிரோடு இல்லை. உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் சீட்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கே பொருளைச் சொல்லட்டும் என்று விட்ட அகராதி அது. 'பிளைத்' என்ற பதிவில் வரும் குறிப்பு எளிமையானது: முதலில் பிறர்மேல் கொண்ட கனிவு வெளியே தெரிவதைக் குறித்தது, பிறகு தன் சொந்த மகிழ்ச்சி வெளியே தெரிவதைக் குறித்தது, பிறகு அந்த மகிழ்ச்சி நிலையையே குறித்தது. முர்ரே காலத்துப் பதிவு அவ்வளவோடு நின்றது. அடுத்த படியைச் சேர்க்க 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. பிறரைப் பற்றிய நினைப்பே இல்லாத மகிழ்ச்சி என்ற படி அது. பிறருக்காகத் தொடங்கிய சொல் தன்னிடம் வந்து தங்கி, கடைசியில் பிறரை மறந்தே போயிற்று.

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் பேச்சிலும் உரைநடையிலும் 'பிளைத்' அருகிவிட்டது. கவிதை மட்டும் அதை வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து அப்படி விடவில்லை. ராபர்ட் பர்ன்ஸ் 1787இல் எழுதிய ஒரு பாட்டுக்கு இந்தச் சொல்தான் தலைப்பின் தொடக்கம். அங்கே 'பிளைத்மீட்' என்றொரு சொல் இருந்தது. வீட்டில் குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தின்பண்டம் அது. குழந்தை பிறந்த வீட்டில் நாம் கற்கண்டு கொடுப்பதுபோல. தன் வீட்டு மகிழ்ச்சியை அடுத்தவர் வாயில் இனிப்பாக வைக்கும் அந்த வழக்கத்துக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தார்களே, பழைய பொருள் அந்த மக்களிடம் உயிரோடு இருந்தது என்பதற்கு எனக்கு அதுவே சான்று.

கவிதைக்குள் போன 'பிளைத்' என்ன ஆயிற்று? ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில், 1600இல் அச்சானது, பல்தசார் ஒரு பாட்டுப் பாடுகிறான். ஆண்கள் ஏமாற்றுக்காரர்கள், பெண்களே, பெருமூச்சு விடாதீர்கள், அவர்களைப் போக விட்டுவிட்டு நீங்கள் 'பிளைத்'தாக இருங்கள் என்பது அதன் கருத்து. இங்கே மகிழ்ச்சி ஒரு முடிவு. ஒருவரை மனத்திலிருந்து விலக்கிவிட்டுப் பெறுவது. மில்டன் தம் 'லலேக்ரோ' கவிதையில் மகிழ்ச்சித் தெய்வத்துக்கே இந்த அடைமொழியைச் சூட்டினார். கிழமைக்கொரு குணம் சொல்லும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்று உண்டு, 1838இல் அச்சேறியது. ஞாயிற்றுக்கிழமை பிறந்த குழந்தைக்கு அது தரும் பரிசுகளில் 'பிளைத்' ஒன்று.

ஆனால் இந்தச் சொல்லை ஆங்கிலம் படித்தவர் ஒவ்வொருவர் காதிலும் நிறுத்தியவர் ஷெல்லிதான். 1820 கோடை. இத்தாலியில் லிவோர்னோ நகருக்கு அருகே அவரும் மேரி ஷெல்லியும் தங்கியிருந்தார்கள். மாலை நடையில் வானம்பாடி ஒன்றின் பாட்டைக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்த கவிதையின் முதலடியிலேயே அந்தப் பறவையை 'பிளைத்' ஆவி என்று விளிக்கிறார் கவிஞர். அதே ஆண்டு 'பிரமிதியஸ் அன்பவுண்ட்' நூலோடு அது வெளிவந்தது. நம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். எட்டயபுரத்தில் ஷெல்லி பெயரில் வாசகர் குழு நடத்தியவர். அந்தக் கவிதையைத் தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கவிதையைப் புகழுரையாக மட்டும் படித்தால் போதாது. அதன் வாதத்தைக் கவனியுங்கள். பறவை ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பாடுகிறது என்று ஷெல்லி கேட்டுக்கொண்டே போகிறார். அதற்கு வலி தெரியாது, சலிப்பு தெரியாது, காதலின் தெவிட்டல் தெரியாது என்பதுபோல விடை வருகிறது. மனிதர்களோ முன்னும் பின்னும் பார்த்து இல்லாததற்கு ஏங்குகிறவர்கள். எங்கள் சிரிப்பிலும் துயரம் கலந்திருக்கிறது என்கிறார். அப்படியானால் பறவையின் மகிழ்ச்சி எதில் நிற்கிறது? அது அறியாமையில் நிற்கிறது. ஷெல்லி அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்காக ஏங்குகிறார். ஆனால் மகிழ்ச்சிக்கும் அறியாமைக்கும் முடிச்சுப் போட்டாகிவிட்டது. பறவைக்கு அழகான அதே குணத்தை ஒரு மேலதிகாரிக்கோ அமைச்சருக்கோ பொருத்திப் பாருங்கள். இன்றைய 'பிளைத்லி' கிடைத்துவிடும். இதை அகராதி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இன்றைய கசப்புக்கு விதை அந்த இனிய கவிதையில்தான் இருக்கிறது.

32 ஆண்டுகள் கழித்து, 1852இல், அமெரிக்காவில் நதானியேல் ஹாதார்ன் 'தி பிளைத்டேல் ரொமான்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். பிளைத்டேல் என்றால் மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு. படித்தவர்கள் சிலர் சேர்ந்து நிலத்தில் தாங்களே உழைத்து, சமத்துவமாக வாழப் போகிறோம் என்று தொடங்கும் குடியிருப்பு. மாசசூசெட்ஸில் 1841 முதல் 1847 வரை நடந்த புரூக் ஃபார்ம் என்ற குடியிருப்பில் ஹாதார்ன் சில மாதங்கள் வாழ்ந்திருந்தார். அந்த அனுபவம் நாவலுக்கு அடித்தளம். நாவலில் அந்தக் கனவு சிதைகிறது. செனோபியா என்ற பெண் நீரில் மூழ்கி இறக்கிறாள். தலைப்பில் மகிழ்ச்சி, உள்ளே ஒருவரையொருவர் சரியாகப் பார்க்காத மனிதர்கள். இந்தச் சொல்மேல் விழுந்த சந்தேகத்தின் முதல் நிழலை நான் அந்தத் தலைப்பில் காண்கிறேன்.

பிறகு 1941. ஜெர்மன் விமானங்கள் மாதக்கணக்கில் லண்டன்மேல் குண்டுபோட்டு ஓய்ந்த நேரம். நோயல் கவர்ட் 'பிளைத் ஸ்பிரிட்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். தலைப்பு ஷெல்லியிடமிருந்து வந்தது. ஓர் எழுத்தாளர் கதைக்குத் தகவல் வேண்டும் என்று ஆவிகளோடு பேசும் பெண்மணியை வீட்டுக்கு அழைக்கிறார். இறந்துபோன முதல் மனைவி எல்விரா வந்து இறங்கிவிடுகிறாள். இரண்டாம் மனைவி அதே வீட்டில் இருக்கிறாள். எல்விராவுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. சிரித்துக்கொண்டே எல்லாரையும் பாடாய்ப் படுத்துகிறாள். அந்த நாடகம் லண்டனில் 1,997 முறை நடந்தது. தெருவெல்லாம் சாவைப் பார்த்த மக்கள் ஒரு கவலையற்ற ஆவியைப் பார்த்துச் சிரிக்க வந்தார்கள். ஷெல்லியின் பறவையும் இன்றைய பொறுப்பின்மையும் ஒரே பாத்திரத்தில் கூடியது அங்கேதான். அகராதிகள் பொறுப்பின்மை என்ற பொருளுக்குச் சொல்லும் காலம், இந்த நாடகத்துக்குச் சற்று முந்தைய, முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகள். இரண்டு போர்களுக்கு நடுவே கவலையில்லாத முகத்தை ஒரு சமூகம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

'பிளைத்' மட்டும்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. 'சில்லி' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்றவன், இன்பமானவன் என்று பொருள்பட்டது. பிறகு கள்ளமற்றவன், இரங்கத்தக்கவன் என்றாகி, இன்று அசடு என்று நிற்கிறது. 'டாஃப்ட்' என்பதும் மென்மையானவன் என்று தொடங்கி மூடன் என்று முடிந்தது. 'கெய்லி' வேறு வழியில் போனது. 1969க்குப் பிறகு அதன் வேர்ச்சொல் தன்பாலின ஈர்ப்பாளர்களின் விடுதலை இயக்கத்தின் பெயரானதால், பழைய களிப்புப் பொருளில் எழுதத் தயங்குகிறார்கள். அதன் பெயர்ச்சொல்லான 'கெயிட்டி'யை நம் சென்னை நன்றாக அறியும். ரகுபதி வெங்கையா கட்டிய திரையரங்கின் பெயர் அது.

மகிழ்ச்சி மறதியில் போய் முடியும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார்: பொச்சாவாமை. உவகையின் மிகுதியால் வரும் சோர்வு, அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்று அங்கே எச்சரிக்கிறார். ஆனால் அவர் மகிழ்ச்சி என்ற சொல்லைக் கெடுக்கவில்லை. மகிழ்ச்சிக்கு ஒரு சொல், அதனால் வரும் மறதிக்கு வேறொரு சொல் என்று தனித்தனியே வைத்துக்கொண்டார். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் ஏற்றிவிட்டது. மொழி கெட்டுவிட்டது என்று புலம்புகிறவன் அல்லன் நான். சொற்கள் மாறும், மாறட்டும். ஆயினும் 'யாரிடம் பிளைத்' என்று கேட்க முடிந்த அந்தப் பொருள் போனதற்கு நான் வருந்துகிறேன். இன்னொருவர் பொருட்டு முகத்தில் தெரியும் நல்ல மனத்துக்கு இன்றைய ஆங்கிலத்தில் அப்படி ஓர் ஒற்றைச் சொல் இல்லை. 'கைண்ட்' செயலைச் சொல்கிறது. 'சியர்ஃபுல்' தன்னைச் சொல்கிறது. நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது.

இனி, இந்த அவையிலுள்ள மொழிபெயர்ப்பாளர்களுக்கு. இந்தச் சொல்லை நூலில் கண்டவுடன் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துவிடாதீர்கள். முதலில் நூல் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1900க்கு முந்தைய கவிதையா, ஸ்காட்லாந்துக் கதையா? உவகையோடு, முகம் மலர்ந்து, மனமுவந்து என்று அச்சமில்லாமல் எழுதலாம். இன்றைய நாளிதழ்க் கட்டுரையா? அடுத்து வரும் வினையைப் பாருங்கள். புறக்கணித்தார், மறந்தார், கருதிக்கொண்டார், ஒப்புதல் தந்தார் என்றிருந்தால் 'மகிழ்ச்சியுடன்' என்று எழுதுவது பிழை; 'யார் என்ன ஆனால் என்ன என்று', 'அவர் பாட்டுக்கு' என்பவை அந்த இடத்துக்குரிய தமிழ். பாடினாள், வரவேற்றான் என்றிருந்தால் மறுபடி ஆண்டைப் பாருங்கள். இன்றைய எழுத்தாளர் பழைய பொருளை வேண்டுமென்றே எடுத்திருக்கக்கூடும். மிகவும் கடினமானவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட நூல்கள். இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகப் புழங்கின. பத்தி முழுவதையும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழிலும் களிப்பு, செருக்கு, மதர்ப்பு, மிதப்பு என்று மகிழ்ச்சியின் ஓரத்தில் நிற்கும் சொற்கள் ஏராளம். சங்கப் பாடல்களிலிருந்து நேற்றைய சிறுகதை வரை அவை எந்த ஆண்டில், எந்த வினையோடு, யாரைக் குறித்து வந்தன என்று முர்ரேயின் தன்னார்வலர்களைப்போல ஒவ்வொரு வரியையும் நூல் பெயரோடும் ஆண்டோடும் எழுதிச் சேருங்கள். அந்தச் சீட்டுகளோடு உங்களில் ஒருவர் அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வாருங்கள்.